உபயம்: சீ. ஜெயதீபன், கனடா

இணுவிலில் சீவரத்தினத்தாரின் மதிலைக் கண்டவர்கள், அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டு போகவேண்டும் என்பதற்காகத்தான் அவர் மதிலைக் கட்டியிருந்தார். கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் முழுவதும் கல்லாகவும் சீமெந்தாகவும் ஒழுங்கையோரம் எழுந்து நின்றது. ஊர் அதைக் கனடாக் காசு என்றது. சீவரத்தினத்தார் மறுக்கவில்லை.

ஒரே மகன் ஜெயதீபன் கனடாவுக்குப் போய்ப் பல காலம். போன புதிதில் கிழமைக்கொருமுறை கதைத்தான். பிறகு பொங்கலுக்குக் கதைத்தான். பிறகு ஒருநாள் அவனுடைய இலக்கத்துக்கு அழைத்தபோது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் எடுத்தாள். அந்த இலக்கம் கைமாறிவிட்டிருந்தது. மதிலுக்கு உள்ளே இருந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விடயம் இது. மதில் நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது.

அந்த இருவரில் மற்றவர் அவருடைய மனைவி குணலட்சுமி. நீண்டகாலச் சலரோகக்காரி. அன்று மாதக் கிளினிக்கில் டாக்டர் தயாளினி இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி மேசைக்கு வந்தால் செய்தி நல்லதில்லை என்பது காத்திருப்போர் வாங்கில் வரிசையாக இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"அம்மாவின்ரை சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு போகுது, ஐயா. புது ஊசி ஒண்டு இருக்கு. கிழமைக்கு ஒருக்காப் போட்டாக் காணும். சீனியையும் கட்டுப்படுத்தும், சிறுநீரகம் பழுதாகிற வேகத்தையும் குறைக்கும். முழுசா நிப்பாட்டும் எண்டு சொல்லமாட்டன். ஆனால் மெசினிலை இரத்தம் சுத்திகரிக்கிற நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்."

"அது என்ன செய்யும், பிள்ளை?" என்றார் சீவரத்தினத்தார்.

"சாப்பாடு இறங்கினவுடனை குடல் ஒரு சுரப்பை விடும். அது கணையத்துக்கு 'இன்சுலினை விடு' எண்டு சொல்லும். ஈரலுக்கு 'சீனியை வெளியிலை விடாதை' எண்டு சொல்லும். இரைப்பைக்கு 'ஆறுதலாய் இறக்கு' எண்டும், மூளைக்கு 'போதும், கோப்பையை வை' எண்டும் சொல்லும். எங்கடை உடம்பிலை ஊறுறது கொஞ்ச நேரத்திலை அழிஞ்சுபோம். ஊசியிலை இருக்கிறது அதே சாயல்தான், ஆனால் ஒரு கிழமைக்கு நிக்கும்."

பக்கத்து வாங்கில், காலில் ஆறாத புண்ணுக்குத் துணி சுற்றியபடி, குருநகர் மேர்சி இருந்தாள். சந்தையில் மீன் விற்று உரத்துப்போன குரல். "டொக்டர் பிள்ளை, 'போதும்' எண்டு சொல்லுறதுக்கு ஊசி என்னத்துக்கு? என்ரை வீட்டிலை அதைப் பானையே சொல்லுது" என்றாள். வாங்கு முழுவதும் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

"விலை?" என்று கேட்டார் சீவரத்தினத்தார்.

"ஒரு மாத ஊசி உங்கடை பென்சனுக்கு மேலை, ஐயா. எங்கடை ஆஸ்பத்திரியிலை இல்லை, வெளியிலைதான் வாங்கவேணும். வெளிநாட்டிலை மெலியிறதுக்கெண்டு ஆக்கள் வரிசையிலை நிக்கினம். கொம்பனிக்காரருக்கு எங்களை நினைவு வர இன்னும் காலம் செல்லும்."

"பிறகு மலியுமோ?"

"காப்புரிமை முடிய முடிய மலியும்."

"அது எப்ப?"

"அதுவரைக்கும் பொறு எண்டு நான் சிறுநீரகத்துக்குச் சொல்லேலாது, ஐயா."

கொக்குவிலில் நீரிழிவு நிவாரண அறநிதியம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறது, புலம்பெயர்ந்த அன்பர்களின் உதவியோடு அந்த ஊசியை இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள், போய்ப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

நிதியம் புகையிரதப் பாதைக்கு அருகே ஒரு மாடியில் இருந்தது. புகையிரதம் போகும்போதெல்லாம் குத்துவிளக்கு ஆடும். நிர்வாக சபை பேச்சை நிறுத்திவிட்டு விளக்கைப் பிடித்துக்கொள்ளும். நேர்முகத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கேற்றப்பட்டது. தேவாரம் பாடப்பட்டது. அகவணக்கம் செலுத்தப்பட்டது. அதன்பின் தலைமையுரை. தலைவர் பரராஜசேகரம் ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர். அவர் வாசலில் வரும்போதே அவருடைய வயிறு மேசைக்கு வந்து அமர்ந்துவிடும்.

"இந்த மருந்து வகையின் மூலம் எங்கே கண்டெடுக்கப்பட்டது தெரியுமா?" என்று ஒவ்வொரு உரையிலும் கேட்டார். "அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் நஞ்சிலே! பல்லி, அன்பர்களே! எங்கள் முன்னோர் பல்லி சொன்னதைக் கேட்டுத்தான் ஒரு காரியத்தில் இறங்கினார்கள். விஞ்ஞானம் இப்போதுதான் பல்லியிடம் வந்து சேர்ந்திருக்கிறது."

ஆகவே நிதியத்தின் யாப்பில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. எந்தத் தீர்மானமும் சுவர்ப்பல்லி சொன்ன பிறகே நிறைவேறியதாகக் கொள்ளப்படும். சபையினர் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நேர்முகம் ஒலிவாங்கியில் நடந்தது. வெளிப்படைத்தன்மை நிதியத்தின் உயிர்மூச்சு என்பதால், ஒலிபெருக்கியைப் படிக்கட்டுக்கு வெளியே வீதியைப் பார்க்கக் கட்டியிருந்தார்கள். கீழே காத்திருந்தவர்களுக்கும், சைக்கிள் கடைக்கும், புகையிரதத்துக்கு நின்றவர்களுக்கும் ஒவ்வொருவரின் வறுமையும் தெளிவாகக் கேட்டது.

மேர்சியைத்தான் முதலில் அழைத்தார்கள். தேவாரம் முடிந்ததும் அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளையள் வெளிநாட்டிலையோ?" என்று கேட்டார் செயலாளர் உதயகலா. இளம் பெண், மடித்துக் கட்டிய சேலைக்கும் சிரிப்புக்கும் ஒரே அளவான மடிப்பு.

"மூத்தவன் லெனாட் பிரான்சிலை, தங்கச்சி. போன் எடுத்தா, 'பிறகு எடுக்கிறனம்மா' எண்டுவான். அந்தப் பிறகு இன்னும் வரேல்லை. ஒரு சதம் அனுப்புறேல்லை. பேந்தென்ன, உரத்துச் சொல்லுறன், கேக்கட்டும். கேட்டாலாவது ஆரும் அவனுக்குச் சொல்லுவினம்."

கீழே யாரோ கைதட்டினார்கள். மேர்சி பயனாளியாகத் தெரிவு செய்யப்பட்டாள். பல்லி சொல்லும்வரை உட்கார வைக்கப்பட்டாள்.

அடுத்தது சீவரத்தினத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக இருந்தார். படியேறும்போது கீழே காத்திருந்தவர்களில் தன் வீட்டுக்கு மேற்குப் பக்கத்து மேலைவீட்டுக்காரரை அவர் கண்டிருந்தார்.

"ஐயாவின்ரை மகன் கனடாவிலை எண்டு கேள்வி. காசு அனுப்புறவரோ?"

ஒலிவாங்கி அவருடைய மூச்சைக்கூட வீதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 'இல்லை' என்பது சிறிய சொல். அதைச் சொன்னால் குணலட்சுமிக்கு ஊசி கிடைக்கும். அதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். பஸ்ஸில் வரும்வழி முழுவதும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"ஓம்," என்றார். "மாதாமாதம் அனுப்புறான். வேண்டாமெண்டாலும் கேக்கிறானில்லை."

பல்லி சொன்னது. அன்று முழுவதும் வாய் திறக்காத பல்லி. நிர்வாக சபை எழுந்து நின்றது.

"அப்ப நீங்கள் இருக்கவேண்டிய கதிரை அது இல்லை, ஐயா!" என்று தலைவர் பரராஜசேகரம் மேசையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்தார். "நீங்கள் பயனாளி இல்லை. உபயகாரர்! எங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்கும் முதல் தொகுதி ஊசிக்கும் ஒரு நல்ல மனம் தேவைப்பட்டுக்கொண்டிருந்தது. பல்லி காட்டித் தந்துவிட்டது."

வீட்டுக்கு வந்தபோது குணலட்சுமி குசினியில் குரக்கன் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் நீத்துப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"மைக்கிலையோ கேட்டவை?"

"ஓம்."

"கீழை ஆர் நிண்டது?"

"மேலைவீட்டுக்காரர்."

"அப்ப வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றாள். பிட்டைக் கோப்பையில் தட்டினாள். கோப்பையை அவர் முன்னால் வைத்து, "நல்லா உரத்துச் சொன்னியளோ?" என்று கேட்டாள்.

சீவரத்தினத்தாருக்குப் பிட்டு இறங்கவில்லை. "இஞ்சேரும், தோட்டத்தை வித்தா உமக்கு வெளியிலை ஊசி வாங்கலாம். கொஞ்சக் காலத்துக்கெண்டாலும் வரும்" என்றார். புகையிலை நின்ற செம்மண் தோட்டம். அவருடைய தகப்பன் கிணறு வெட்டிய காணி.

"வாங்கி? தோட்டம் வித்து மருந்து வாங்கினம் எண்டு மருந்துக்கடையிலை இருந்து சந்திவரைக்கும் கதைப்பினம். அப்ப கனடா எங்கை எண்டு கேப்பினம். அவன்ரை பேர் என்னாகிறது? நான் போறவள். அவன் ஒருநாளைக்கு இந்த ஊருக்கு வரவேண்டியவன்."

தோட்டம் விற்கப்பட்டது. கேட்டவர்களுக்கு, "மகன் சொல்லிப்போட்டான், இனி வெயிலுக்கை நிண்டு மாயவேண்டாமாம்" என்று சீவரத்தினத்தார் சொன்னார். பணம் கனடாவிலிருந்து வந்த மாதிரிச் சுற்றி வளைத்து நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பற்றுச்சீட்டுக் கொண்டுவந்த உதயகலா விடைபெறும்போது, "உபயகாரர் குடும்பத்தை நிதியம் ஒருநாளும் மறக்காது, ஐயா" என்றார். அந்த வசனத்தைச் சீவரத்தினத்தார் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டார். மறக்காது என்றால், ஊசி வந்ததும் ஒன்றைச் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் அனுப்புவார்கள். மரியாதையான இடங்களில் அப்படித்தான் நடக்கும்.

ஊசிகள் பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்கின. அன்றே அவசரக் கூட்டம். மக்களின் உடம்பில் ஏற்றுவதற்கு முன் பாதுகாப்பை உறுதிப்படுத்தவேண்டியது நிர்வாக சபையின் தார்மீகக் கடமை என்று தலைவர் சொன்னார். ஆகவே சபை உறுப்பினர்கள் தங்கள் உடம்பிலேயே பரீட்சித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர்களில் ஒருவருக்கும் சலரோகம் இல்லை என்று யாரோ சுட்டிக்காட்டினார்கள். அதனால்தான் பரீட்சை பக்கச்சார்பற்றது என்றார் தலைவர். பல்லி உடனே சொன்னது.

சீவரத்தினத்தார் கிழமைக்கொருமுறை கொக்குவிலுக்குப் போய்வந்தார். "பரீட்சார்த்தக் கட்டம் நடக்குது, ஐயா" என்றார் உதயகலா. அது நடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தலைவரின் வயிறு மேசையை விட்டுப் பின்வாங்கியது; பிறகு பெல்டுக்குள் போனது; பிறகு தேடவேண்டியிருந்தது. பொருளாளரின் மோதிரம் கூட்ட அறிக்கை வாசிக்கும்போது கழன்று விழுந்தது. தலைவரின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். பழைய கோட்டு இப்போது பூட்டுகிறது என்று சபையில் அறிவிக்கப்பட்டு, நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது.

"இலேசான காரியமென்று நினைக்காதீர்கள்" என்று ஒரு கூட்டத்தில் அவர் தழுதழுத்தார். "முதல் மாதம் சோற்றைக் கண்டாலே ஓங்காளம். மூன்று தரம் சத்தியெடுத்தேன். யாருக்காக? இந்த மக்களுக்காக! ஏழைகளின் பசி எப்படி இருக்கும் என்று தெரியாதென்று எங்களைக் குறைசொன்னார்கள். இன்று சொல்கிறேன், எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை!"

கூட்டங்களுக்கு எப்போதும்போல் வடையும் பாயசமும் வந்தன. நிர்வாக சபைக்கு மனமிருந்தும் வயிறு இடம் தரவில்லை. நல்ல சாப்பாட்டை வீணாக்கக்கூடாதென்று, பாயசத்தை வாளிகளில் ஊற்றிக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த சலரோகக்காரரின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார்கள். நிதியத்தின் ஆண்டறிக்கையில் அதற்குப் 'போசாக்குத் திட்டம்' என்று பெயர்.

குணலட்சுமியின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே நின்றது.

திறப்பு விழா வந்தது. சுபநேரத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக்கூடாதென்று சாத்திரியார் சொல்லியிருந்ததால், அதற்குப் பட்டுச் சால்வை சுற்றி, சந்தனம் பூசி, இருபக்கமும் வாழை கட்டி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். கதவில் பொன்னெழுத்து: உபயம்: சீ. ஜெயதீபன், கனடா.

குணலட்சுமி முன்வரிசையில் கூறைச்சேலையோடு இருந்தாள். வீங்கிய காலில் செருப்புப் பூட்டவில்லை. வெறுங்காலோடு வந்து, சேலைக் கரையால் மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் மேர்சி.

"உங்கடை மகனே?" என்றாள் மேர்சி, பெட்டியைப் பார்த்து.

"ஓம்."

"குடுத்துவைச்சனீங்கள், அக்கா. எனக்குப் பிறந்ததும் இருக்குதே, பிரான்சிலை."

குணலட்சுமி தலையாட்டினாள். அவளுடைய முகத்தில் நெடுங்காலமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்ததைச் சீவரத்தினத்தார் மேடையிலிருந்து கண்டார்.

தலைவர் பேசினார். அவருடைய கோட்டு இப்போது பெருத்திருந்தது. "இந்த மருந்து என்ன செய்கிறது? 'போதும்' என்ற உணர்வைத் தருகிறது. எங்கள் மக்களுக்கு என்றுமே கிடைக்காத உணர்வு அது. நாங்கள் அதை அனுபவித்துப் பார்த்துவிட்டோம். மிக நல்ல உணர்வு. எங்களுக்குக் கிடைத்த இந்த நிறைவு, எங்களைப் பார்த்து, படிப்படியாக மக்களுக்கும் வந்து சேரும்!"

முதற் பயனாளியாக மேர்சியை அழைத்தார்கள். தலைவர் அவளுடைய கையில் ஒரு பேனா ஊசியை வைத்தார். இருவரும் ஒளிப்படத்துக்குச் சிரித்தார்கள். வெளிச்சம் மின்னி ஓய்ந்ததும் உதயகலா ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"என்ன பிள்ளை, குடுத்துப்போட்டுப் பறிக்கிறாய்?"

"குளிரிலை வைச்சிருக்கவேணும், அம்மா. உங்கடை வீட்டிலை பிறிட்ஜ் இருக்கோ?"

"ஐஸ் இருக்கு. மீன் விக்கிறவளட்டை ஐஸுக்கு என்ன குறை?"

"அது தரமான குளிர் இல்லை, அம்மா."

அடுத்த பயனாளியின் கையிலும் அதே ஊசியைத்தான் வைத்தார்கள். அதற்கடுத்தவரின் கையிலும் அதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு குடை கொடுக்கப்பட்டது.

சுபநேரத்தில் நாதஸ்வரம் முழங்க, சீவரத்தினத்தார் பட்டு நாடாவை வெட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே சிறிய விளக்கு எரிந்தது. மேல்தட்டில், அதிதிகளுக்கான சோடாப் போத்தல்கள். நடுத்தட்டில் தலைவர் வீட்டுத் தயிர்ச் சட்டி. கீழ்த்தட்டு வெறுமையாக இருந்தது. ஒளிப்படம் எடுத்த அந்த ஊசியை உதயகலா கொண்டுவந்து அங்கே வைத்தார்.

"மற்றதுகள், பிள்ளை?" என்று சீவரத்தினத்தார் அவர் காதோடு கேட்டார்.

"பரீட்சார்த்தக் கட்டத்தோடை முடிஞ்சுது, ஐயா. பரீட்சை வெற்றி."

"அப்ப உந்த ஊசியை..." அவருடைய குரல் இன்னும் தாழ்ந்தது. வாழ்க்கையில் யாரிடமும் எதையும் அவர் கேட்டதில்லை. "என்ரை வீட்டுக்காரிக்கு..."

உதயகலா கண்ணை அகல விரித்தார். "ஐயா! உங்களுக்குப் பயனாளி ஊசியைத் தாறதோ? தலைவர் கேள்விப்பட்டால் என்னைப் பிடிச்சுத் தின்னுவார். அவர் இப்ப ஒண்டும் தின்னுறதில்லை, எண்டாலும். உங்கடை மரியாதைக்கு அது எவ்வளவு குறைவு!"

மரியாதை என்ற சொல்லைக் கேட்டுச் சீவரத்தினத்தார் நிமிர்ந்து நின்றார். குணலட்சுமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியில் அவளுடைய மகனின் பெயர் வீதி முழுவதும் கேட்டது. மேலைவீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். வாளியில் பாயசமும் கொடுத்தனுப்பினார்கள்.

மாரி தொடங்குமுன் குணலட்சுமி மெசினுக்குப் போனாள். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். கையிலிருந்து குழாய்கள் போய் மெசினுக்குள் புகுந்து திரும்பி வந்தன. "கொஞ்சம் முந்திக் கிடைச்சிருந்தா" என்று தொடங்கிய டாக்டர் தயாளினி அதை முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அங்கேதான் உதயகலா பழக்கூடையோடு வந்தார். முகம் கவலையாக இருந்தது.

"ஒரு சோதனை வந்திருக்கு, ஐயா. ஊசி முடிஞ்சதாலை நிர்வாக சபைக்குத் திரும்பவும் உடம்பு வைக்குது. அந்த மருந்து அப்பிடித்தானாம், விட்டா எல்லாம் திரும்ப வருமாம். தலைவருக்குக் கோட்டு பூட்டுதில்லை. பரீட்சை தோல்வி எண்டு சனம் கதைக்கத் தொடங்கினா நிதியத்தின்ரை பேர் என்னாகிறது? மகன் இன்னுமொருக்கா மனம் வைக்கவேணும். பல்லியும் சொல்லிப்போட்டுது."

சீவரத்தினத்தார் மெசினைப் பார்த்தார். அதற்குள் மனைவியின் இரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. விற்பதற்கு இனி வீடுதான் இருந்தது. வீடும் அந்த மதிலும். அவர் வாயைத் திறந்தார். அந்தச் சிறிய சொல் இந்த முறை நாக்கின் நுனிவரைக்கும் வந்தே விட்டது. இங்கே ஒலிவாங்கியும் இல்லை.

ஆனால் அடுத்த கட்டிலில் மேலைவீட்டுக்காரரின் தமக்கை படுத்திருந்தாள்.

"மகன் அனுப்புவான் எண்டு சொல்லுங்கோ" என்றாள் குணலட்சுமி, தலையைத் திருப்பாமல். குரல் மெலிந்திருந்தாலும் அந்த அறைக்குப் போதுமானதாக இருந்தது.

உதயகலாவின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும், அம்மா! இந்த முறை பிறிட்ஜ் கதவிலை அவரின்ரை படத்தையும் போடப்போறம். ஒரு படம் தருவியளோ?"

குணலட்சுமி குழாய் இல்லாத கையால் தலையணைக்கு அடியில் இருந்த கைப்பையைத் துழாவி ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். பாடசாலைச் சீருடையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு பெடியன். ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன.

"இது சின்னதிலை எடுத்ததெல்லோ, அம்மா? இப்பத்தையான் படம் இல்லையோ?"

குணலட்சுமி கையை நீட்டிப் படத்தை ஒருமுறை திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"உந்தப் படத்தைப் போடுங்கோ, பிள்ளை" என்றாள். "அவன் இப்பவும் உப்பிடித்தான் இருக்கிறான்."